ஆறு பொயின்ற் எழுத்து

கொழும்பிலிருந்து வந்த மின்னஞ்சலில்
ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு சொல்.
தமிழாக்கி, ஆறு பொயின்ற் எழுத்தில்,
பார்கோடுக்குக் கீழே, இடது மூலையில்.
திங்கள் மத்தியானத்துக்குள் வேண்டுமாம்.

ஸ்ரான்லி வீதியில், மேல்மாடியில், எங்கள் அச்சகம்.
கலியாணக் காட், அந்தியேட்டி அழைப்பு,
ரியூட்டரி நோட்டீஸ்,
இப்போது வைன் போத்தலுக்கு லேபிளும்.

"பொறுப்போடு குடியுங்கள்" என்று தட்டினேன்.
பொறுப்பு என்றால் எங்கள் ஊரில்
கரைசேராத தங்கச்சிமார்.
அழித்தேன்.
"மிதமாக" என்று போட்டால்
பஞ்சாங்கத்து மழை மாதிரி இருந்தது.
கடைசியில்,
"அளவோடு அருந்துக."

மெஷின் ஓட்டும் சந்தியோகு அண்ணை
லூப்பைக் கண்ணில் வைத்து வாசித்தார்.
"அளவோடை எண்டால் எந்த அளவு, பிள்ளை?
ஏ-நாலோ, ஏ-மூண்டோ?"
மை பட்ட விரலால் மூக்கைச் சொறிந்து சிரித்தார்.
சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால்
பின்னேரம் ஆறரைக்கு அவருடைய சைக்கிள்
வைன் ஸ்ரோர் கிராதிக்கு முன்னால் நிற்கும்.
ஞாயிறு பூசைக்குச் செலஸ்ரினா அக்கா தனியத்தான் வருவா.

மின்னஞ்சலோடு தவறுதலாக
இன்னொரு கோப்பும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
வடக்கு. காலாண்டு இலக்கு.
பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம்.
பத்துப் பேரில் ஒருவர்
பாதிச் சரக்கை வாங்குகிறாராம்.
அவருக்குப் பெயர் போடவில்லை,
"முக்கிய நுகர்வோர்" என்றிருந்தது.
"எப்போதாவது வருவோர்" என்பதற்கு நேரே
ஓர் அம்புக்குறி:
"வளர்க்க வேண்டியவர்கள்."
தண்ணி ஊற்றி, பசளை போட்டு.

அந்த எப்போதாவதில் நான் ஒருத்தி.
ஞாயிறு மத்தியானம், விளைமீன் பொரியலுக்கு
எனக்கும் றெஜிக்கும் ஆளுக்கு அரைக் கிளாஸ்.
சிவப்பு. நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு.
அவர் ஏற்கெனவே சொன்ன கதையைச் சொல்லுவார்,
நான் முதல்தரம் கேட்பதுபோலச் சிரிப்பேன்,
நடிப்பில்லை, உண்மையாகவே சிரிப்பு வரும்.
மிச்சத்தைத் தக்கையால் அடைத்துப்
பிறிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைப்பேன்.
ஒரு போத்தல் மூன்று கிழமை போகும்.

என்னைப்போல் எல்லாரும் குடித்தால்
கம்பனியை அடுத்த மாரிக்குள் இழுத்து மூடவேண்டும்.
என்னைப்போல் குடியுங்கள் என்றுதான்
கம்பனி காசு கொடுத்து எழுதுவிக்கிறது.

எழுத்தை எட்டாக்கி அனுப்பினேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
பின்னேரம் திலங்க என்றொரு அலுவலர் எடுத்தார்.
நல்ல மரியாதையான குரல், உடைந்த தமிழ்:
"மிஸ், அந்த வசனம் கொஞ்சம் பெரிசு.
திராட்சைக் குலையை மறைக்குது."

ஆறாக்கினேன்.
ஆறில், அகரத்தின் சுழி மையால் அடைபட்டுப்போகும்.
ளகரம் ஒரு புழு.

பத்தாயிரம் அடித்து முடிய
சந்தியோகு அண்ணை ஒன்றை உரித்து
தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டினார்.
"அண்ணை, கொஞ்சம் மிச்சம் வைச்சுக் குடிக்கேலாதோ?"
கேட்டுவிட்டேன்.
அவர் "மிச்சம்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார்,
புரூவில் பிழை தேடுகிறவர்போல.
"வீட்டை பிறிட்ஜ் இல்லையே, பிள்ளை."

அது பதிலில்லை என்று
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை. ஆறு மணி தாண்டிவிட்டது.
கீழே சைக்கிள் ஸ்ராண்ட் தட்டுப்படும் சத்தம்.
நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்:
அச்சு, பத்தாயிரம் லேபிள்.
மொழிபெயர்ப்பு, இரண்டு சொல்,
ரூபா ஆயிரத்து ஐந்நூறு.

அளவோடுதான் போட்டேன்.